முக்காடு போட்டால் தெரியாது

என் அருமை சுகந்தி அக்காவுக்கு,

இறந்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்புகிறவள் இல்லை. உனக்கு அது தெரியும். நீ ஜெபம் செய்யும்போது நான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சிறு வயதிலேயே தொடையில் கிள்ளியவள் நீ. இருந்தும் எழுதுகிறேன். அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். நீ படிக்காவிட்டாலும், வெண்ணந்தூர்ச் சபையில் உன்னோடு பாயில் உட்கார்ந்தவர்கள் படிப்பார்கள். அவர்களில் சிலருக்கு இதில் ஒன்றும் புதிதாக இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் புருஷன், எபிநேசர் மாமா, உன்னைக் கொல்லவில்லை. நீ சர்க்கரையில் இறந்தாய். காலில் புண் வந்து, பிறகு சிறுநீரகம் போய், சேலத்து ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடி போனாய். உன் சாவுக்காக அவர்மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். நீ உயிரோடு இருந்த காலத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் உனக்கு முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. அன்று உன் மகள் எஸ்தரின் காது கிழிந்தது. அவளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. கல்லூரியில் இத்தனை வருஷமாகக் குரலை உயர்த்தாமல் விலங்கியல் நடத்துகிற உன் தங்கை ஒரு மனிதனை நாற்காலியால் அடித்தாள். செய்தி இவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இவ்வளவு போதாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

நாம் வளர்ந்தது மணி அடிக்கிற கோயிலில். கிறிஸ்துமஸ் அன்று அம்மா கல்தோடு போட்டு, சரிகைக் கரை வைத்த சேலை கட்டித்தான் முன்வரிசையில் நிற்பாள். நீ கல்யாணமாகிப் போன இடம் வேறு. எபிநேசர் மாமாவுக்கு வெண்ணந்தூரில் விசைத்தறிப் பட்டறை. அவர் குடும்பம் முழுக்க விசுவாசிகளின் சபை. அங்கே பெண்களுக்கு நகை கிடையாது, பூ கிடையாது. வெள்ளைச் சேலை, முழங்கை மறைகிற ரவிக்கை, தலையில் முக்காடு. பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் நின்ற ஒரு வருஷம் உனக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கரையேறி வந்து ஈரத்தோடு தோட்டைக் கழற்றி உன் மாமியார் கையில் வைத்தாய். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த திமிரில் வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். நீ சிரித்தாய். “போடி, காது லேசா இருக்குது” என்றாய்.

அதை நான் இன்றும் நம்புகிறேன். உனக்குக் காது லேசாகத்தான் இருந்தது. உன் வெள்ளைச் சேலையில் பொய் இல்லை. ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ரசம் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தச் சேலைதான். குழப்பமே அங்கேதான் இருக்கிறது, அக்கா. உன் சேலையையும் மாமாவின் வெள்ளைச் சட்டையையும் ஒரே அண்டாவில் ஊறப்போட்டு, ஒரே நீலத்தில் முக்கி, ஒரே கொடியில் நீதான் காயப்போட்டாய். காய்ந்து தொங்கும்போது இரண்டும் ஒரே வெள்ளை.

மாமாவும் நடிகர் இல்லை. அப்படி எழுதிவிட்டால் எனக்கு வேலை எளிது. அவர் ஜெபத்தில் உண்மையாகவே அழுவார். காசநோய்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். ராசிபுரம் பக்கத்தில் அவர் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். சபையின் மூப்பர் என்றால் அந்தப் பகுதிக்கே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று உள்ளே வரும் பெண்களின் ரவிக்கைக் கை நீளத்தைப் பார்ப்பார். முழங்கை தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், புன்னகை செய்வார். அந்தப் பெண் அடுத்த வாரம் நீளக் கை தைத்துப் போட்டு வருவாள்.

அதே மனிதர் வீட்டில் உன்னை அடிப்பதென்றால் முதலில் தறியை ஓட்டுவார்.

இதைப் பட்டறை இல்லாத ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டும். தறிகள் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சே கேட்காது. அறைக்குள் ஒருவர் அலறினாலும் தெருவுக்குத் தறிச் சத்தம்தான் வரும். கூலிக்கு ஓட்டுகிறவர்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து உன்னை உள்ளே கூப்பிடுவார். சுவிட்சைப் போடுவார். தெருவில் போகிறவர்கள், மூப்பர் ஓய்வில்லாமல் உழைக்கிறார் என்று நினைப்பார்கள்.

நான் ஒருமுறை பார்த்தேன். எஸ்தர் அப்போது பள்ளிக்குப் போகிற பிள்ளை. நான் சொல்லாமல் வந்திருந்தேன். அவள் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, “சித்தி, உள்ள போவாதீங்க, தறி ஓடுது” என்றாள். தறி ஓடினால் என்ன பொருள் என்று அந்த வீட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. நான் உள்ளே போனேன். உன் பின்னலை இடது கையில் சுற்றிப் பிடித்திருந்தார். வலது கையில் நாடா. நூலைத் தூக்கிக்கொண்டு தறிக்குள் குறுக்கே பாய்கிற மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்தது. அதைக் கொண்டு உன் முதுகில் குத்திக்கொண்டிருந்தார். உன் வாய் திறந்திருந்தது, சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் சேந்தும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டதாம். நூல் கொண்டுவந்தவன் பார்த்துவிட்டானாம். அதற்கு.

என்னைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார். திடீரென்று வந்த அந்த அமைதியில் நீ மூச்சு வாங்குவது கேட்டது. அவர் சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டே, “வாம்மா, எப்ப வந்தே? காப்பி குடிச்சியா?” என்று கேட்டார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

நீ வாயில்லாப் பசு என்று உன் சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள் அவர் முன்கையை எலும்பு தட்டுகிற மாதிரிக் கடித்தவள் நீ. சபையில் நாய் கடித்துவிட்டதாகச் சொன்னார். நாய்க்கடி ஆற வேண்டுமென்று எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள், உன்னையும் சேர்த்து. சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, “ஊசி வேற போட்டுக்கிட்டாருடி” என்று சொல்லி மூச்சு முட்டச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

என் வீட்டுக்கு வந்துவிடு என்று உன்னிடம் கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். ஒருமுறை உன்னைக் கேட்காமல் போலீசை வரவழைத்தேன். நீ அவர்கள் முன்னால் நின்று, படியில் விழுந்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னாய். “நான் கெளம்பி வந்தா சபை பேரு கெட்டுரும் கண்ணு. அவரு பேச்சக் கேட்டுக் குடிய உட்டவங்க எத்தன பேரு. அவிங்க ஊட்டுப் பொம்பளைங்க இன்னைக்கு நிம்மதியாத் தூங்குறாங்க. இவரு பொய்யின்னு தெரிஞ்சா அந்த ஆளுங்க திரும்பக் கடைக்குப் போயிருவாங்க.”

வேறு வீட்டுப் பெண்கள் அடி வாங்காமல் இருப்பதற்காக நீ வாங்கினாய் என்று சொல்கிறாயா? இது விசுவாசமா, வெறும் கணக்குத் தப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை. உன்னைவிட நல்ல மனுஷியை நான் பார்த்ததில்லை. அந்த நல்ல குணத்தை அவர் ஒரு தூணைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதும் உண்மை.

உன் உடம்பைக் குளிப்பாட்டியது சபைப் பெண்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நவமணி அக்கா ஞாபகம் இருக்கிறதா, பக்கத்துத் தெருவில் தறி ஓட்டுகிறவள்? அவள்தான் முதலில் வெளியே வந்தாள். கை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உனக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டாள். முக்காட்டையும் போட்டு, காதோரம் முடி தெரியாமல் சரிசெய்தாள். பெட்டியில் நீ மிகவும் அழகாக இருந்தாய். எல்லோரும் சொன்னார்கள்.

இனி எஸ்தர்.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள் அல்லவா. நீ போன பிறகு சம்பளத்தில் ஒரு ஜோடி கம்மல் வாங்கிக் காது குத்திப் போட்டுக்கொண்டாள். பொட்டு அளவு. ஊருக்கு வரும்போது கழற்றிவிடுவாள். இதற்கிடையில் மாமா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ஜோயல் என்ற இளம் சபை ஊழியக்காரர், கெங்கவல்லிப் பக்கம். நன்றாகப் பாடுவார், நன்றாகப் பேசுவார், மாமாவைப் போலவே சட்டை. நினைவுக் கூட்டத்தில் நிச்சயத்தைச் சபைக்கு அறிவிப்பதாக ஏற்பாடு. சபையில் அறிவித்துவிட்டால் அப்புறம் மாற்றுவது என்பது அங்கே இல்லை. தேவ சித்தம் ஆகிவிடும்.

எஸ்தர் எனக்குப் போன் செய்தாள். “சித்தி, அந்த ஆளு கெட்டவரான்னு எனக்குத் தெரியல. நல்லவரான்னும் தெரியல. எங்கப்பாவப் பாத்து வளந்ததுல எனக்கு வெள்ளச் சட்டையப் பாத்தா ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது. தனியா நின்னா தலையாட்டிருவேன். நீங்க வாங்க” என்றாள்.

போனேன். காலை முதல் பஸ்ஸிலேயே போனேன்.

அன்று அவள் கம்மலைக் கழற்றவில்லை. வேண்டுமென்றேதான். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டக் கூடாது என்பது சபைக் கட்டுப்பாடு, அதனால் வீடு அமைதியாக இருந்தது. அவரும் அமைதியாகவே நடந்தார். “கழட்டு” என்றார். அவள் திரும்பாமல், “முடியாதுங்கப்பா” என்றாள். ஒரு சின்னச் சத்தம் வந்தது, துணி கிழிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள்.

நான் ஓடி வந்தபோது கம்மல் அவர் விரலில் இருந்தது. எஸ்தரின் வலது காதுமடல் நுனிவரை இரண்டாகப் பிளந்து தொங்கியது. கழுத்து, தோள், புது வெள்ளைச் சேலையின் முன்பக்கம் எல்லாம் ரத்தம். கண்ணாடியிலும் தெறித்திருந்தது. அவள்தான் நர்சு, அவளே பஞ்சை எடுத்து மடித்து இரண்டு துண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

மாமா கம்மலை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். “வேற சேல மாத்திக்க. முக்காடு போட்டாத் தெரியாது” என்றார். பிறகு வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கேட்டாயா, அக்கா? அந்த மனிதரைப் பற்றி நான் இத்தனை பக்கம் எழுதியது வீண். அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நான் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி என்றேன். எஸ்தர் சேலை மாற்றிக்கொண்டாள். உன் துணிப் பெட்டியிலிருந்து உன் சேலை. “தையல் மத்தியானம் போட்டுக்கலாம் சித்தி. இப்பப் போவாட்டி நான் எப்பவுமே போவ மாட்டேன்” என்றாள்.

சபைக் கூடம் உனக்குத் தெரிந்ததுதான். தகரக் கூரை, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நீ போன பிறகு முன்னால் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள், விருந்தினர்களுக்கு. அதில் ஒன்றில் ஜோயல். எனக்கும் ஒன்று தந்தார்கள். எஸ்தர் பாயில் உட்கார்ந்தாள். மாமா உன்னைப் பற்றிப் பேசினார். பெண்ணுக்கு அழகு தங்கத்திலும் பின்னலிலும் இல்லை, உள்ளத்துக்குள் இருக்கிற சாந்தத்தில்தான் என்கிற வேதப் பகுதியை எடுத்துக்கொண்டார். உன் சாந்தத்தைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. ஆண்கள் பக்கம் பலர் கண்ணைத் துடைத்தார்கள். எஸ்தரின் முக்காட்டில் வலது காதுக்கு மேல் முதலில் ஒரு புள்ளி வந்தது. பிறகு அது விரிந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி மடித்த கைத்துண்டைத் தள்ளிவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் சாட்சி நேரம்.

வெளியார் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கைப் பிடித்துத் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். சாட்சியை இடையில் நிறுத்துவது பரிசுத்த ஆவியைத் தடுப்பது என்பார்கள், அதனால் யாரும் நிறுத்த மாட்டார்கள். சொல்கிறவர் மூச்சு விடுகிற ஒவ்வொரு இடத்திலும் சபை “ஸ்தோத்திரம்” என்று சொல்லும். பழக்கம். கேட்டுச் சொல்வது பாதி, கேட்காமல் சொல்வது பாதி.

எஸ்தர் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

“எங்கம்மா போயி ஒரு வருசம் ஆச்சுங்க” என்றாள்.

“ஸ்தோத்திரம்.”

“எங்கம்மா கர்த்தருக்குள்ள நல்லா வாழ்ந்தாங்க.”

“ஸ்தோத்திரம்.”

“எங்கப்பா தறிய ஓட்டி உட்டுட்டு எங்கம்மாவ நாடாவுல அடிப்பாரு.”

“ஸ்தோத்திரம்” என்றது சபை.

எல்லோரும் இல்லை. பாதிப்பேர். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர்களுக்குக் கேட்டது. அந்தச் சொல் தகரக் கூரைக்குக் கீழே அப்படியே தொங்கியது. ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இதுவரை கேட்டதிலேயே கொடூரமான சத்தம் அதுதான், அக்கா. அடி விழுகிற சத்தத்தைவிட.

எஸ்தர் முக்காட்டை இறக்கினாள். பஞ்சை எடுத்தாள். காதுமடல் பிரிந்து தொங்கியது. “இது இன்னைக்குக் காலைல. கம்மலுக்காக” என்றாள்.

மாமா மேடையை விட்டு இறங்கி வந்தார். அவசரப்படவில்லை. வந்தவர் கையை வீசி அவள் கன்னத்தில், அந்தக் காதோடு சேர்த்து, அறைந்தார். மைக் அவள் வாயருகே இருந்தது. அறை நாலு ஒலிபெருக்கியிலும் வெடித்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். தறிச் சத்தமில்லாத இடத்தில் அவர் அடித்து அன்றுதான் ஊர் கேட்டது.

அவள் சுழன்று ஜோயலின் காலடியில் போய் விழுந்தாள். அவர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். வேட்டியில் ரத்தம் படாமல். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், உடம்பு தானாகச் செய்தது. அதனால்தான் அதை நம்புகிறேன்.

எஸ்தர் தரையிலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்க பிரதர்?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவர் சொல்கிற பதிலுக்கு இடம் வைத்திருந்தாள்.

அவர் மாமாவைப் பார்த்தார், மேடையில் இருந்த பாஸ்டரைப் பார்த்தார். “கம்மலக் கழட்டியிருந்தீங்கன்னா இது நடந்திருக்காதுல்ல சிஸ்டர்” என்றார், மிகவும் மென்மையாக.

“சரிங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றாள் எஸ்தர்.

பாஸ்டர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். மாமா குனிந்து அவள் முடியைப் பிடித்தார். உன் பின்னலைச் சுற்றிய அதே கை, அதே சுற்று. பக்கவாட்டுக் கதவைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தார். அவள் கால்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போயின. ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றதோடு சரி.

நவமணி அக்கா பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் அவளை வயிற்றில் உதைத்தார். அவள் விழுந்தும் பிடியை விடவில்லை. தொங்கிக்கொண்டே கத்தினாள். “ஏனுங்க மூப்பரே, அந்த முதுக நாந்தானுங்க தேச்சுக் கழுவுனேன். கை வெக்க எடமில்லீங்க. ஒரு வருசமாச் சோறு எறங்கல எனக்கு. இந்தப் புள்ளையையும் நான் கழுவோணுமா?”

அடுத்து நடந்ததை மழுப்பாமல் எழுதுகிறேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி அவர் தலையில் அடித்தேன். ஒருமுறை இல்லை. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. எஸ்தரை விட்டுவிட்டு மண்டியிட்டார். அடிக்க வேண்டிய தேவை அதோடு முடிந்துவிட்டது. நான் முடிக்கவில்லை. நாற்காலிக் கால் உடைந்து போனது, உடைந்த முனையைக் கொண்டு மறுபடி ஓங்கினேன். எனக்கு இனித்தது, அக்கா. அவர் சட்டை சிவக்கச் சிவக்க இனித்தது. அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போலிருந்தது.

எஸ்தர் என் கையைப் பிடித்தாள். “நீங்களுமா சித்தி?” என்றாள்.

வெளுத்த பருத்திச் சேலை, தாழ்ந்த குரல், யார் வம்புக்கும் போகாதவள் என்ற பேர். என்னைப் பற்றி நானே வைத்திருந்த எண்ணம் அது. உங்கள் சபையை இத்தனை வருஷம் வெளியிலிருந்து சிரித்துப் பார்த்தவள் நான். எனக்குள்ளும் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அடித்ததும் நான் அடித்ததும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், வகுப்பில் மணிக்கணக்காக வாதாடுவேன். ஆனால் கடைசியாக ஓங்கிய அந்தக் கைக்கு எந்த வாதமும் இல்லை.

மத்தியானம் ராசிபுரத்தில் எஸ்தருக்குத் தையல் போட்டார்கள். பிறகு போலீஸ் ஸ்டேஷன். மாமா எங்களுக்கு முன்பே வந்து என்மேல் புகார் கொடுத்திருந்தார், புதுச் சட்டை மாற்றி, தலையில் கட்டோடு. ஏட்டு அவருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, “ஐயா தண்ணி குடிங்க” என்று கொடுத்தார். எங்களை நிற்க வைத்தார். நான் அடித்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். எஸ்தர் தன் புகாரை எழுதிக் கொடுத்தாள். நவமணி அக்கா, தான் குளிப்பாட்டியபோது பார்த்ததைச் சொன்னாள். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஐயா என்று கூப்பிடவில்லை. இரண்டு வழக்கும் பதிவாகியிருக்கிறது. கல்லூரியிலும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கொடுப்பேன்.

சபையும் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னது. அடித்ததற்காக மாமா கொஞ்ச காலம் திருவிருந்தில் சேரக்கூடாது. கம்மல் போட்டதற்காக எஸ்தரும் கொஞ்ச காலம் சேரக்கூடாது. ஒரே காலம். தராசு சரியாக நிற்கிறது பார்.

இதைக் கேட்டதும், விட்டது தொல்லை, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றேன். எஸ்தர் இப்போது என்னோடு சேலத்தில்தான் இருக்கிறாள். வலது பக்கம் படுக்க முடியவில்லை. தூக்கத்தில் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். அப்படிப்பட்டவள், வருகிற ஞாயிறு வெண்ணந்தூர்ச் சபைக்குப் போகிறேன் என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அங்கே உனக்கு என்ன இருக்கிறது, அந்தக் கூட்டம் கைகட்டி நின்று பார்த்ததை மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

“மறக்கல சித்தி. அவரு ஏசப்பாவச் சொந்தமா வாங்கி வெச்சிருக்கிற மாதிரி நடந்துக்கிட்டாரு. நானும் போவாட்டி, ஆமா அவருதுதான்னு ஆயிரும். அப்புறம் நவமணி பெரியம்மா தனியா உக்காரோணும். அவிங்களோட யாரும் பேசறதில்லையாம்.”

“அப்பாவும் வருவார்.”

“வரட்டும். அவரு வர்ற எடத்துக்கெல்லாம் நான் போவாம இருந்தா, நான் எங்கதான் போறது?”

இடது காதில் கம்மலோடுதான் போவாளாம். முக்காடு போடுவாளாம், அது அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். இந்தப் பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? நீ சபைக்காக வாயை மூடினாய். இவள் சபைக்காக வாயைத் திறந்திருக்கிறாள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்? உன்னைப் பார்த்தா, உன்னைப் பார்த்துப் பயந்தா?

எனக்கு இன்னும் விசுவாசம் இல்லை, அக்கா. நடந்ததைப் பார்த்து வந்துவிடவும் இல்லை. இருந்தாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ் ஏறுவேன். நாற்காலி தந்தால் வேண்டாம் என்பேன். அவளுக்கும் நவமணி அக்காவுக்கும் நடுவில் பாயில் உட்காருவேன். பாட மாட்டேன், ஜெபிக்க மாட்டேன், திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் அவளைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அவளை நோக்கி வந்தால் எழுந்து குறுக்கே நிற்பேன். முதல் அடி என்மேல் விழட்டும். நான் திருப்பி அடிக்க மாட்டேன். ஓடவும் மாட்டேன். அடுத்த ஞாயிறும் போவேன், அவள் போதும் என்று சொல்கிறவரை.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள், இனி எஸ்தருக்குத் தாயும் ஆனவள்,
மெர்சி